நோவும் வினாவும்: வாழ்க்கைத்தர வினாநிரல்களின் தமிழாக்க வரலாறு

1. ஆய்வின் எல்லை

மருத்துவத் துறையில் வழங்கும் வினாநிரல் ஒன்றைத் தமிழிற் பெயர்த்து அதன் ஏற்புடைமையை நிறுவுதல் மருத்துவர்க்கும் புள்ளியியலார்க்கும் உரிய பணி என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றது. மொழி நூலாரும் இலக்கண நூலாரும் அதனிடத்துக் கருத்துச் செலுத்தியது குறைவே. ஆயின் வினாநிரல் என்பது முற்றும் சொல்லால் ஆயதொரு கருவி. குருதியழுத்தத்தை அளக்கப் பாதரசம் பயன்பட்டது. எலும்பின் அடர்த்தியை அளக்க ஊடுகதிர் பயன்படுகின்றது. நோயுற்றவர் வாழ்க்கையை அளக்க முற்படும் வினாநிரலுக்குச் சொல்லையன்றி வேறு கருவிப்பொருள் இல்லை. ஆகவே அச்சொல் பிழைபடின் அளவையும் பிழைபடும்.

இக்கட்டுரை வாழ்க்கைத்தர வினாநிரல்கள் தோன்றிய வரலாற்றையும், அவை தமிழுக்கு வந்த வழியையும் சுருங்கக் கூறி, எலும்புப்புரை நோயுற்ற மகளிர்க்கென ஐரோப்பாவில் இயற்றப்பட்ட வினாநிரல் ஒன்றினை வடசென்னை மகளிரின் பேச்சு வழக்கோடு வைத்து ஆராய முற்படுகின்றது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய துறைமுக, ஆலைப் பகுதிகளே ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

2. வினாநிரல் தோன்றிய வரலாறு

1948-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம், உடல்நலம் என்பது நோயின்மை மட்டுமன்று. உடல், உள்ளம், சமுதாய வாழ்வு ஆகிய மூன்றன் நிறைவும் கூடியது என வரையறுத்தது. இவ்வரையறையை ஏற்பின், மருத்துவத்தின் பயனையும் இம்மூன்றனுள் வைத்தே அளத்தல் வேண்டும். அதே காலத்தில் அமெரிக்காவில் கர்னாப்சுகி என்பார் புற்றுநோயாளர்களின் செயல்திறனைச் சுழி முதல் நூறு வரை அளக்கும் அளவுகோல் ஒன்றினை வகுத்தார். அதன்கண் அளப்பவர் மருத்துவர்; அளக்கப்படுபவர் நோயாளர். நோயாளரின் சொல்லுக்கு அங்கு நேரிடம் இல்லை.

பின்னைய பல பத்தாண்டுகளில் இந்நிலை மெல்ல மாறிற்று. நோவை அறிபவர் நோவுற்றவரே என்ற கருத்து வலுப்பெற, நோயாளரே விடையளிக்கும் வினாநிரல்கள் பல தோன்றின. 1991-இல் உலகச் சுகாதார நிறுவனம் வாழ்க்கைத்தரத்தை அளக்கும் பொதுக் கருவி ஒன்றினை இயற்றும் பணியைத் தொடங்கியது. ஒருவர் தம் பண்பாட்டினிடையும் விழுமியங்களினிடையும் தம் வாழ்வின் நிலையைத் தாமே எவ்வாறு உணர்கின்றார் என்பதே வாழ்க்கைத்தரம் என அந்நிறுவனம் கொண்டது. இவ்வரையறையில் ‘தாமே உணர்தல்’ என்பதும் ‘பண்பாட்டினிடை’ என்பதும் நோக்கத்தக்கன. முன்னதனால் விடை நோயாளருக்கு உரியதாயிற்று. பின்னதனால் வினா அவர் மொழிக்கு உரியதாதல் வேண்டும் என்பது பெறப்பட்டது.

பொதுக் கருவியோடு அமையாது, தனித்தனி நோய்களுக்குரிய வினாநிரல்களும் தோன்றின. எலும்புப்புரையைப் பொறுத்தவரை, ஐரோப்பிய எலும்புப்புரை அறநிலையத்தின் குழுவொன்று இயற்றி 1997-இல் வெளியிட்ட குவாலெப்போ என்னும் வினாநிரல் பெரிதும் வழக்கில் உள்ளது. முதுகெலும்பு முறிவுற்ற மகளிரைக் கருத்திற்கொண்டு அமைந்த அதில் 41 வினாக்கள் உள்ளன. நோவு பற்றியன 5. அன்றாடச் செயல் பற்றியன 4. வீட்டு வேலை பற்றியன 5. நடமாட்டம் பற்றியன 8. ஓய்வும் சமுதாய வாழ்வும் பற்றியன 7. பொதுநலம் பற்றியன 3. உள்ளநிலை பற்றியன 9. மொத்த மதிப்பெண் சுழி முதல் நூறு வரை செல்லும். எண் மிகுதல் நலிவு மிகுதலைக் குறிக்கும்.

3. தமிழில் மருத்துவச் சொல்லாக்கம்

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கூறும் முயற்சி புதியதன்று. 1847-இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிரீன், மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, 1860-களில் தமிழிலேயே மருத்துவக் கல்வி அளிக்கத் தொடங்கினார். அவரும் அவர்தம் மாணாக்கரும் உடற்கூறு, மகப்பேறு, அறுவை, வேதியல் முதலிய துறைகளில் நூல்களைப் பெயர்த்தனர். 1867-இல் வெளிவந்த இரண வைத்தியமும், 1872-இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதமும், 1875-இல் வெளிவந்த கெமிஸ்தமும் அவற்றுட் சில. இந்நூல்கள் வடமொழிச் சொற்களை மிகுதியும் தழுவின. எனினும், தமிழ் கற்ற ஒருவர் மருத்துவம் பயிலப் பிறமொழியின் வாயிலில் காத்து நிற்க வேண்டுவதில்லை என்பதை அவை மெய்ப்பித்தன. இருபதாம் நூற்றாண்டில் சேலத்தில் 1916-இல் தோன்றிய கலைச்சொல் முயற்சியும், சென்னைப் பல்கலைக் கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும், 1954 முதல் 1968 வரை வெளிவந்த கலைக்களஞ்சியமும் இப்பணியை முன்னெடுத்துச் சென்றன.

இவ்வெல்லா முயற்சிகட்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை கற்போரை நோக்கியவை. மருத்துவர் மாணாக்கர்க்குக் கூறும் மொழியை அவை ஆக்கின. வினாநிரலோ மருத்துவமனை வாயிலில் அமர்ந்திருக்கும் நோயாளரை நோக்கியது. முன்னதற்குப் புதுச்சொல் படைத்தல் வேண்டும். பின்னதற்கு வழங்கும் சொல்லைத் தேர்தல் வேண்டும். படைத்த சொல்லுக்குப் பொருளை நாம் வரையறுக்கலாம்; வழங்கும் சொல்லோ பல பொருளைத் தாங்கியே வரும். கிரீனின் வழி வந்த சொல்லாக்க மரபு ஈண்டு நமக்கு முழுத்துணை ஆகாமைக்கு இதுவே காரணம்.

4. சென்னை நடுவம்

உலகச் சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தரக் கருவியை இயற்றுவதில் முதற்கண் ஈடுபட்ட 15 நடுவங்களுள் சென்னையும் ஒன்று. இந்தியாவில் புதுதில்லியும் சென்னையும் அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டன. மெல்போர்ண், பாரிசு, தோக்கியோ, பாங்காக்கு, அராரே, பார்சிலோனா, சியாட்டில் முதலியன பிற. தமிழாராய்ச்சியாளர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது. பெரும்பாலான மருத்துவ வினாநிரல்கள் ஆங்கிலத்தில் முழுமையுற்ற பின்னரே தமிழுக்கு வந்து சேர்கின்றன. இக்கருவியைப் பொறுத்தவரை, தமிழ் பேசுவோர் வினா தோன்றும் நிலையிலேயே பங்கு கொண்டனர். ஒவ்வொரு நடுவத்திலும் நோயாளர், நலமுடையோர், மருத்துவப் பணியாளர் ஆகியோர் குழுக்களாக அமர்ந்து, தம் வாழ்வில் எவையெவை இன்றியமையாதன எனத் தம் மொழியிற் பேசினர். அப்பேச்சினின்று வினாக்கள் எழுந்தன. எல்லா நடுவங்களினின்றும் திரண்ட வினாக்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு நூறு வினாக்களாயின. பின்னர் அவற்றினின்று 26 வினாக்கள் கொண்ட சுருக்கமும் வெளிவந்தது.

விடைச்சொற்களைத் தேர்ந்த முறை மொழி நூலார்க்குப் பெரிதும் சுவை பயப்பது. ‘ஒருபோதும் இல்லை’, ‘எப்போதும்’ என்பன போன்ற இரு முனைகட்கிடையே அளவு குறிக்கும் சொற்களை எவ்வாறு நிறுத்துவது? ஆங்கிலச் சொற்களை அகராதி கொண்டு பெயர்த்தல் போதாது என அறிந்து, ஒவ்வொரு நடுவத்திலும் அவ்வம் மொழியின் அளவுச் சொற்கள் திரட்டப்பட்டன. 10 செண்டிமீட்டர் நீளமுள்ள கோடு ஒன்று வரைந்து, ஒவ்வொரு சொல்லும் அக்கோட்டின் எவ்விடத்தில் நிற்கும் என மக்களே குறியிட்டுக் காட்டினர். கோட்டின் காற்பங்கு, அரைப்பங்கு, முக்காற்பங்கு ஆகிய இடங்களுக்கு அண்மையில் விழுந்த சொற்களே விடைச்சொற்களாகக் கொள்ளப்பட்டன. ‘அரிதாக’, ‘எப்போதாவது’, ‘சிலவேளை’, ‘அவ்வப்போது’, ‘அடிக்கடி’ என்னும் சொற்களைப் புலவர் ஒருவர் தம் அறையிலிருந்து வரிசைப்படுத்துவதற்கும், வழங்குவோர் பலர் ஒரு கோட்டில் நிறுத்திக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. சொற்பொருளைச் செவியால் அளந்த முறை என இதனைக் கூறலாம்.

5. இடமும் மக்களும்

வினா யாரை நோக்கியது என்பதை அறியாது அதன் தமிழை ஆராய்தல் இயலாது. வடசென்னையின் கடற்கரைப் பகுதி பட்டினவர் முதலிய மீனவக் குடிகளின் பழைய உறைவிடம். திருவொற்றியூர் தேவாரப் பாடல் பெற்ற தலம். பட்டினத்தார் அடங்கிய இடம் என்று போற்றப்படுவதும் அதுவே. 1856-இல் இராயபுரத்தினின்று தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி புறப்பட்டது. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாக எம்.ஆர்.எப். தோன்றியது, 1955-இல் என்பீல்டு ஆலை அங்கு எழுந்தது. எண்ணூரில் 1948-ஐ அடுத்து உந்துவண்டித் தொழிற்சாலையும், 1970-இல் அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. அவ்வனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. 1984-இல் காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் திறக்கப்பட்டது. இத்தொழில்களை நாடி உள்நாட்டுத் தமிழரும் தெலுங்கு பேசுவோரும் வந்து குடியேறினர். 1960-களில் பர்மாவினின்று திரும்பியோரும் எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் குடியமர்ந்தனர். ஆகவே வடசென்னைத் தமிழ் என்பது ஒரே வழக்கு அன்று. பல வழக்குகள் கலந்து நின்றதொன்று.

இப்பகுதி மக்களின் மருத்துவமனை இராயபுரத்தை அடுத்துள்ள ஸ்டான்லி மருத்துவமனை ஆகும். 1782-இல் பஞ்சத்தால் வாடியோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தினின்று வளர்ந்ததாதலின், முதியோர் நாவில் அது ‘கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி’ எனவே வழங்கலாயிற்று. 1938-இல் அது மருத்துவக் கல்லூரி ஆயிற்று. அரசினர் வைத்த பெயரை விடுத்து மக்கள் தம் பட்டறிவினின்று பெயரிடும் இயல்பை இஃது உணர்த்தும். நோய்களுக்குப் பெயரிடுவதும் அவ்வாறே நிகழ்கின்றது.

தலைச்சுமையாக மீன்கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றோர், துறையில் அமர்ந்து மீன் அரிவோர், கருவாடு உலர்த்துவோர், ஆலைத் தொழிலாளர் இல்லத்து மகளிர், தண்ணீர் வண்டி வரும் நேரம் பார்த்துக் குடங்களை வரிசையில் வைப்போர் ஆகியோரே ஈண்டு விடையளிக்க வேண்டியவர். மாதவிடாய் நின்ற பின்னர் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைய, எலும்பு ஆக்கத்தினும் அழிவு விஞ்சுகின்றது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, மணிக்கட்டு ஆகியன சிறு விசைக்கும் முறிகின்றன. இளையோரின் சராசரி எலும்படர்த்தியினின்று 2.5 திட்ட விலக்கம் அல்லது அதனினும் மிகுதியாகக் குறைந்திருப்பின் அஃது எலும்புப்புரை என 1994-இல் உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்தது. அடர்த்தியை இவ்வாறு எண்ணால் வரையறுக்கலாம். அடர்த்தி குன்றியதால் ஒருத்தி தன் இல்லத்தில் எவற்றை இழந்தாள் என்பதை வினவியே அறிதல் வேண்டும்.

6. வினாக்களின் தமிழ்

(அ) நோயின் பெயர். 1830-களில் ஸ்திராஸ்பர்க்கு நகரத்து லோப்ஸ்டைன் என்பார் எலும்பு, துளை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களை இணைத்து இந்நோய்க்குப் பெயரிட்டார். தமிழில் ‘எலும்புப்புரை’ என வழங்குவது அதற்கு நேரானது. புரை என்பது உட்டுளையையும் குற்றத்தையும் குறிக்கும். தொல்காப்பிய உரியியலோ அதற்கு உயர்வு என்னும் பொருள் கூறும். உவம உருபாகவும் அது வரும். கற்றவர்க்கு இச்சொல் இனியது. மற்றவர்க்குக் ‘கண்புரை’ நினைவுக்கு வரக்கூடும். மருத்துவமனைகளிற் பெரிதும் கேட்கப்படுவது ‘எலும்புத் தேய்மானம்’ என்பதே. ஆனால் மூட்டுவாதத்தையும், கழுத்தெலும்பு நோயையும் அச்சொல்லே குறிக்கின்றது. ‘எலும்புத் தேய்மானத்தால் உங்கள் உடலமைப்பில் மாறுதல் உண்டா?’ என வினவின், முழங்கால் வளைந்ததை ஒருத்தி கூறுவாள். முதுகு வளைந்ததை மற்றொருத்தி கூறுவாள். வினா ஒன்று, அளக்கப்படும் நோய்கள் இரண்டு.

(ஆ) முதுகும் இடுப்பும். வினாநிரலின் முதற்பகுதி முதுகு நோவைப் பற்றியது. ‘கடந்த வாரத்தில் முதுகு வலி எத்தனை நாள் இருந்தது?’ எனப் பெயர்த்தால், அதனை மீண்டும் ஆங்கிலத்திற்குப் பெயர்ப்பவர் மூலத்திலுள்ளவாறே எழுதுவார். மீள்பெயர்ப்பு என்னும் சோதனையில் வினா குறையின்றித் தேறும். ஆனால் பேச்சு வழக்கில் ‘முதுகு’ என்பது பெரும்பாலும் மேற்புறத்தையே சுட்டும். கீழ்ப்புறம் முழுவதும் ‘இடுப்பு’ ஆகும். எலும்புப்புரையால் முறியும் முள்ளெலும்புகள் நடுமுதுகிலும், அது கீழ்முதுகோடு கூடும் இடத்திலும் மிகுதி. ஆகவே ‘முதுகில் ஒன்றுமில்லை, இடுப்புத்தான் விட்டுப்போகிறது’ எனக் கூறும் ஒருத்தி, நோவற்றவள் என எண்ணப்படுவாள். ‘இடுப்பு வலி’ என்றே பெயர்த்துவிடலாமோ எனின், அதுவும் தடையுடையது. இடுப்பெலும்பு முறிவும் இடுப்பே. மகப்பேற்று நோவும் இடுப்பு வலியே. எனவே, ‘கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரை பின்புறத்தில்’ என விரித்துக் கூறலும், உடலின் படம் காட்டித் தொட்டுக் காட்டச் செய்தலும் தக்கன.

(இ) நோவின் வகை. வலி, நோவு, குடைச்சல், குத்தல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, பிடிப்பு எனத் தமிழில் நோவுச் சொற்கள் பல. இவை ஒன்றன் மிகுதி குறைவுகள் அல்ல, வெவ்வேறு உணர்வுகள். ‘வலி கடுமையா, மிதமா?’ என்னும் வினா, ‘வலியில்லை, குடைச்சல்தான்’ என்னும் விடையைப் பெறக்கூடும். வலி என்னும் சொல்லைப் பொதுச்சொல்லாகக் கொள்வோர்க்கு இவ்விடை பொருந்தாதது. அதனைச் சிறப்புச் சொல்லாகக் கொள்வோர்க்கு முற்றும் பொருந்துவது.

(ஈ) பத்துக் கிலோ. ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தூக்கிச் சிறிது தொலைவு செல்ல இயலுமா என்பது ஒரு வினா. மூலத்தில் அதற்குக் காட்டப்பெற்ற எடுத்துக்காட்டுகள் பன்னிரண்டு பால் புட்டிகள் கொண்ட பெட்டியும், ஓராண்டு நிறைந்த குழந்தையும் ஆகும். குழந்தை எந்நாட்டிலும் பொருந்தும். பால் புட்டிப் பெட்டி இங்குப் பொருந்தாது; நெகிழிக் குடமே பொருந்தும். ஆனால் நிறைகுடம் ஒன்று ஏறத்தாழ 15 கிலோ. அது கையில் தொங்குவதன்று, இடுப்பில் ஏற்றுவது. குடத்தை எடுத்துக்காட்டாக வைத்தால் வினா கடினமாகும்; வையாவிடின் அயன்மையாகும். முக்காற் குடம் எனச் சொல்லின் எடை ஒருவாறு பொருந்தும். இத்தகைய மாற்றம் மொழிபெயர்ப்பன்று. அளவை ஒப்புமை காத்தல்.

குனிதலும் முழந்தாளிடுதலும் வினாநிரலில் உள. குந்துதல் இல்லை. அரிவாள்மணையில் மீன் அரியவும், கோலமிடவும், துணி துவைக்கவும், கழிப்பிடம் செல்லவும் குந்துதலே இம்மகளிர்க்கு அடிப்படை. முழந்தாளிடுதல் ஐரோப்பிய இல்லங்களில் தரை துடைப்பதற்கும் தோட்ட வேலைக்கும் உரியது. இங்குப் பெரும்பாலும் வழிபாட்டுக்கு உரியது. தோட்ட வேலை, திரையரங்கு, விளையாட்டு ஆகிய வினாக்களுக்கும் இவ்வாறே ஈடு தேட வேண்டும். ‘கடந்த வாரம்’ என்பதும் எண்ணத்தக்கது. 2017 முதல் கிழக்குக் கடற்கரையில் ஏப்பிரல் 15 தொடங்கி 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. அந்நாட்களில் மீன் விற்கும் மகளிரின் சுமை குறையும். அக்கால் வினவின் ‘நோவு குறைவு’ என விடை வரும். நலிவு குறைந்ததன்று, வேலை குறைந்தது.

(உ) உருவ மாறுதல். உயரம் குறைதலும் முதுகு வளைதலும் பற்றி ஒரு வினா உண்டு. அதற்கு உரிய தமிழ்ச்சொல் ‘கூன்’. ஆயின் இச்சொல் நெடுங்காலமாக எள்ளலோடு வந்துள்ளது. மருதக்கலியில் கூனும் குறளும் உரையாடும் காட்சி நகைச்சுவைக்கு உரியதாக அமைந்தது. இராமகாதையில் மந்தரை கூனி என்றே அறியப்படுகின்றாள். சிறுவனான இராமன் அவள் கூன்மேல் மண்ணுருண்டை எய்த செய்தியும் உண்டு. மணிமேகலையில் நரைமூதாட்டி ஒருத்தியின் உறுப்புகள் ஒவ்வொன்றும் சுட்டிக் காட்டப்பட்டது யாக்கை நிலையாமையை உணர்த்துதற்கு. நம் இலக்கியத்தில் முதியவளின் வளைந்த உடல் பிறரால் பேசப்பட்டது. அவளே அதனைப் பேசிய இடம் அரிது. இவ்வினா அவளையே பேசுமாறு கேட்கின்றது. ‘கூன் விழுந்துள்ளதா?’ எனக் கேட்பின் நாணி மறுக்கக்கூடும். ‘முன்னைவிட முதுகு வளைந்திருக்கிறதா, உயரம் குறைந்திருக்கிறதா?’ எனக் கேட்டல் நன்று.

7. இலக்கணம் காட்டும் விடைவகை

வினாவும் விடையும் வழுவாமற் காக்கப்பட வேண்டும் எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும். வினாவே விடையாக வருதலும் உண்டு என அதுவே உடன்படும். நன்னூலார் வினாவை ஆறாகவும், விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாகவும் வகுத்தார். முதல் மூன்றும் நேர் விடைகள். ஏனைய ஐந்தும் நேர் விடையல்லவாயினும் விடைப்பொருளைத் தருதலின் ஏற்கப்படுவன.

வினாநிரல் விரும்புவது முதல் மூன்றையே. ‘இயலும்’, ‘இயலாது’, அல்லது குறித்த படிகளுள் ஒன்றைச் சுட்டல் என்பனவே அதற்கு விடை. வாழ்வோரின் விடையோ பெரும்பாலும் பின் ஐந்தினுள் விழும். ‘குனிந்து பெருக்க முடிகிறதா?’ என்றதற்கு, ‘உட்கார்ந்துகொண்டே பெருக்குவேன்’ என்பது இனமொழி. ‘கடைக்குப் போக முடிகிறதா?’ என்றதற்கு, ‘பேத்தியைக் கேளுங்கள்’ என்பது ஏவல். ‘மாடிப்படி ஏற முடிகிறதா?’ என்றதற்கு, ‘போன மாதம் ஏறி இரண்டு நாள் படுத்துவிட்டேன்’ என்பது உற்றது உரைத்தல். ‘ஏறினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்’ என்பது உறுவது கூறல். பாடநூல்களில் இவ்விரு வகைக்கும் வழங்கும் எடுத்துக்காட்டுகள் காலும் உடலும் நொந்தமையையும் நோவதையும் பற்றியனவாகவே பெரும்பாலும் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. நோவுற்றார் நேரே மறுத்துக் கூறாமல் நோவைக் கூறி விடையிறுப்பர் என்பதை நம் இலக்கண மரபு அறிந்திருந்தது.

இவற்றுள் ‘வினாதல்’ என்பது பெரிதும் கருதத்தக்கது. ‘இது செய்வாயா?’ என்றதற்குச் ‘செய்யேனோ?’ என்பது இலக்கணம் காட்டும் உடன்பாடு. ‘சமைக்க முடிகிறதா, அம்மா?’ என்றதற்கு, ‘நான் செய்யாமல் யார் செய்வார்?’ என்னும் விடையும் வடிவால் அதுவே. ஆனால் அது உடன்படுவது செய்தலை, இயலுதலை அன்று. ‘முடிதல்’ என்னும் சொல்லே இருபொருள்படுவது. ‘எனக்கு முடியவில்லை’ என்பது நோயுற்றிருத்தலையும் குறிக்கும். ‘முடியாமலே செய்கிறேன்’ என்பது தமிழில் முரணன்று, நாள்தோறும் கேட்கும் தொடர். இவ்விடையை ‘இடர்ப்பாடு இல்லை’ என்னும் கட்டத்தில் குறித்தால், இடர்ப்பட்டுச் செய்த வேலை இடரின்றிச் செய்ததாகப் பதிவாகும். கடமையின் மிகுதியால் அவள் மறைத்த நோவை ஏடும் மறைத்துவிடும். மருந்தும் ஓய்வும் உதவியும் பெறத்தக்கவள் எண்ணின் முன் நலமுடையவளாக நிற்பாள். மொழிபெயர்ப்பின் சிறுபிழை என இதனைத் தள்ளுதற்கில்லை. ‘செய்கிறீர்களா?’, ‘செய்யும்போது எவ்வளவு இடர்?’, ‘உதவி கிடைத்தால் விட்டுவிடுவீர்களா?’ என வினாவைப் பகுத்தல் ஒன்றே வழி.

பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை வருமோ என அஞ்சுகிறீர்களா என்னும் இறுதி வினாவுக்கும் இஃது ஒக்கும். ‘கை கால் ஓடும்போதே போய்ச்சேர வேண்டும்’ என்பது முதிய மகளிர் நாவில் இயல்பாக வழங்குவது. அஃது அச்சமோ, விருப்பமோ, வழக்குத்தொடரோ என்பதைக் கேட்போர் உடன்பாட்டுக் குறியொன்றால் முடிவு செய்தல் இயலாது.

8. ஏற்புடைமையும் எண்ணும்

பெயர்த்த வினாநிரலைச் சோதிக்கும் முறைகள் 1990-களிலும் 2000-ஐ ஒட்டியும் ஒழுங்குற வகுக்கப்பட்டன. இருவர் தனித்தனியே பெயர்த்தல், அவற்றை ஒன்றாக்குதல், மூலத்தைக் காணாத இருவர் மீள்பெயர்த்தல், வல்லுநர் குழு ஆராய்தல், முப்பது நாற்பது பேரிடம் முன்சோதனை செய்தல் என்பன அதன் படிகள். பின்னர், ஒரே பகுதியின் வினாக்கள் தம்முள் எவ்வளவு இயைகின்றன என்பது 1951-இல் கிரான்பாக்கு கூறிய ஆல்பா என்னும் எண்ணால் அளக்கப்படும். சின்னாள் கழித்து மீண்டும் வினவி விடை நிலைபெறுதலும், எலும்பு முறிந்தோர்க்கும் முறியாதோர்க்கும் எண் வேறுபடுதலும் பார்க்கப்படும்.

இவை வேண்டப்படுவனவே. ஆயினும் இவற்றின் எல்லையை அறிதல் வேண்டும். ஐந்து நோவு வினாக்களிலும் ‘முதுகு’ என்பது மேற்புறமாகவே கொள்ளப்பட்டால், ஐந்தும் தம்முள் நன்கு இயையும். ஆல்பா உயர்ந்தே நிற்கும். ஒரே திசையிற் பிழைத்தவை ஒன்றோடொன்று ஒத்திருக்கும். எண் ஒத்திருத்தலைக் காட்டுமேயன்றி உண்மையைக் காட்டாது. மீள்பெயர்ப்பும் இவ்வாறே, அஃது ஆங்கிலம் அறிந்தோர் இருவரிடையே நிகழ்வது. ஆங்கிலம் அறியாத கேட்போர் அதனுள் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த முறையில், இருமொழியாளர் குழுவோடு ஒருமொழியாளர் குழுவும் வினாக்களைப் படித்து ஆராய்தல் வேண்டும் என்றிருப்பது இக்குறையை நீக்குதற்கே. அக்குழு வடசென்னையில் அமையுமாயின், அதில் மீன் விற்றவரும் ஆலைத் தொழிலாளர் இல்லத்தவரும் இருத்தல் வேண்டும்.

மேலும், எழுத்தறியாதார்க்கு வினா வாய்மொழியாகவே செல்லும். படித்துக் காட்டுவோர் எழுத்து நடையிற் படித்தால் ஒரு பொருளும், தம் வழக்கிற் பேசினால் பிறிதொரு பொருளும் தோன்றும். ஆகவே எழுத்து வடிவோடு, ஏற்றுக்கொள்ளப்பட்ட பேச்சு வடிவும் உடன் தரப்படுதல் வேண்டும். ‘வாழ்க்கைத்தரம்’ என்னும் தலைப்பே செல்வநிலையை வினவுவதாகக் கருதப்படும் என்பதும் நினைவிற்குரியது. பொருளியலிலும் மருத்துவத்திலும் நாம் ஒரே சொல்லை இரு கருத்துக்கு வழங்கி வருகின்றோம்.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. மருத்துவ வினாநிரலின் தமிழாக்கம் கலைச்சொல்லாக்கத்தின் ஒரு பகுதியன்று. வழக்குச்சொல் ஆய்வின் பகுதி. தமிழ் பேசுவோர் வினா இயற்றும் நிலையிலேயே பங்கு கொள்ளல் கூடும் என்பதற்குச் சென்னை நடுவத்தின் பணி சான்று. மீள்பெயர்ப்பும் ஆல்பாவும் தேறிய வினா கேட்போரிடம் தவறக்கூடும். அத்தவற்றை வினா விடைகளின் இயல்பை வகுத்த நம் இலக்கணம் முன்னரே அறிந்துகொள்ள உதவும்.

தமிழ்த் துறைகளில் பயில்வோர்க்கு இது புதியதொரு களம். ஓரூரின் நோவுச் சொற்களைத் திரட்டி வகைப்படுத்தல், விடைவகைகளைப் பேச்சினின்று பதிந்து நன்னூல் வகைப்பாட்டோடு ஒப்பிடல், அளவுச் சொற்களைக் கோட்டில் நிறுத்திக் காணல் ஆகிய மூன்றும் முதுகலை மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க ஆய்வுகள். மருத்துவரும் தமிழாசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து இவற்றைச் செய்தல் வேண்டும். ‘நான் செய்யாமல் யார் செய்வார்?’ எனக் கூறுபவள் எந்தக் கட்டத்திற் குறிக்கப்பட வேண்டும் என்பதை அவ்விருவரும் கூடியன்றித் தனித்து முடிவு செய்தல் இயலாது.